வைரவருக்கும் துடக்கு

இராசமலர் தான் பெற்ற பிள்ளையை மகன் என்று கூப்பிடமாட்டாள். ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைக் கண்டு திகைத்துப் போவார்கள். ஐந்து வயதுப் பொடியனுக்கு மரியாதை போட்டு, "வைரவன், சாப்பிட வாங்கோ" என்று வேலிப் படலையில் நின்று கத்துகிற தாயை வேறெங்கே காண்பது? பள்ளிக்கூடத்தில் அவன் பெயர் யுகேந்திரன். வீட்டில் வைரவன். அயல்வீட்டுக் கோழியைக் கல்லால் எறிந்துவிட்டு வந்து நிற்கிறவனை அடிக்கக் கை ஓங்குவாள். ஓங்கின கை அந்தரத்தில் நிற்கும். பிறகு அந்தக் கையாலேயே தன் தலையில் இரண்டு போட்டுக்கொண்டு குசினிக்குள் போய்விடுவாள். பிறத்தியார் பிள்ளையில் எப்படிக் கை வைப்பது?

பிறத்தியார் பிள்ளை என்றுதான் அவள் உண்மையாகவே நம்பியிருந்தாள். அப்படி நம்பக் காரணமும் இருந்தது.

சம்பூரிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற மண்ரோட்டில் வீரையடி என்று ஒரு சின்ன ஊர். கொஞ்ச வீடு, கொஞ்ச வயல், வயலை விட அதிகமாக மாடு. ஊர் தொடங்குகிற இடத்தில் ஒரு வீரை மரம். அதன் அடியில் கல்லிடுக்கில் ஊன்றிய சூலம். அவர்தான் வைரவர். கோபுரமில்லை, மதிலில்லை, மணிகூட மரக்கொப்பில்தான் தொங்கியது. ஆனாலும் அவருக்குச் சொல்லாமல் கொள்ளாமல் அந்த ஊரில் ஒருவரும் எல்லை தாண்டுவதில்லை. வயலுக்குப் போகிறவன் ஒரு குழை முறித்து மரத்தடியில் போட்டுவிட்டுப் போவான். மாடு தவறினாலும் அவரிடம்தான் முறைப்பாடு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அவரிடம்தான். பொலிசும் டொக்டரும் அவரே. சம்பளம் வருசத்துக்கு ஒரு வடைமாலையும் ஆடி மாதத்தில் பொங்கிப் படைக்கிற ஒரு மடையும்.

இராசமலரின் முதல் பிள்ளை பிறந்த கையோடு போய்விட்டது. இரண்டாவது தவழப் பழகி, நிலைப்படியைப் பிடித்து எழும்பி நின்று சிரிக்கத் தொடங்கின பிறகு வலிப்பு வந்து போனது. முதலாவதை விட இதுதான் அவளை முறித்துப் போட்டது. மூன்றாவது பிறந்தபோது அவள் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே பயந்தாள். கணவன் பாலசிங்கம் பேசாத மனுசன். அவனே வாய் திறந்து, "இதை வைரவரிட்ட வித்துப்போடுவம்" என்றான்.

அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை தங்காத தாய், அடுத்த பிள்ளையைத் தெய்வத்துக்கு விற்றுவிட வேண்டும். எமன் வந்து கேட்டால், இந்த வீட்டில் எங்களுக்குப் பிள்ளையே இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னது பொய்யுமல்ல. இராசமலர் பிள்ளையை நெல் புடைக்கிற சுளகில் கிடத்தி மரத்தடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தாள். பிள்ளை வீறிட்டு அழுதது. அவளுக்கு நெஞ்சில் பால் கட்டி வலித்தது. திரும்பவில்லை. பூசாரி கதிர்காமத்தம்பி வைரவருக்காகப் பிள்ளையை எடுத்து, விலையாக ஒரு பிடி தவிட்டை மஞ்சள் துணியில் முடிந்து அவள் கையில் கொடுத்தார். பிறகு அதே பிள்ளையை அவளிடமே நீட்டினார்.

"இது வைரவரின்ர பிள்ளை, தங்கச்சி. வளக்கத் தாறன். ஏழாம் வயசு ஆடி மடைக்கு இந்தத் தவிட்டைத் திருப்பிக் குடுத்துப்போட்டு உங்கட பிள்ளையை வாங்குங்கோ. அதுவரைக்கும் மகனெண்டு வாயால சொல்லாதேங்கோ. சொன்னா வித்தது பொய்யாப் போம்."

"சொல்லமாட்டன் அண்ணை" என்றாள்.

இந்தக் கதிர்காமத்தம்பியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொழில் மேசன் வேலை. நகக்கண்ணில் எப்போதும் சீமெந்து இருக்கும். கையில் கரண்டி பிடித்தாலும் மணி பிடித்தாலும் மட்டம் பார்க்கிற குணம் ஒன்றுதான். ஊரில் ஒரு பிறப்பு, ஒரு சாவு என்றால் யார் யாருக்கு எத்தனை நாள் துடக்கு என்கிற தீட்டு, யார் கோயில் பக்கம் வரலாம், யார் வரக்கூடாது என்பதெல்லாம் அவர் வைத்த சட்டம். சொந்த மகள் பிள்ளை பெற்று நாள் கழிய முதல் ஆசையோடு வந்தபோது அவளையே தெருவில் மறித்துத் திருப்பி அனுப்பியவர். ஊர்ப் பொடியள் அவருக்கு வைத்த பட்டம் துடக்குத்தம்பி.

பிள்ளை தங்கியது. காய்ச்சல் வந்தது, போனது. கிணற்றுக்குள் விழப் பார்த்தான், விழவில்லை. இராசமலர் தவிட்டு முடிச்சை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்து, வெள்ளிக்கு வெள்ளி எடுத்து முகர்ந்து பார்த்து வைப்பாள். ஏழாம் வயது நடக்கிற வருசமும் வந்தது. மடைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறபோதுதான் ஷெல் விழத் தொடங்கியது.

இரண்டாயிரத்து ஆறில் சம்பூர்ப் பகுதி முழுக்கக் கிளம்பி ஓடியதை இங்கே விரித்துச் சொல்லத் தேவையில்லை. ஓடினவர்களுக்குத் தெரியும். வெருகல் ஆற்றை அடைய முதல் பாலசிங்கம் போய்விட்டான். வழியோரத்தில் குழி தோண்டி அவனைத் தாட்டுவிட்டு, தலையில் ஒரு பையும் கையில் பிள்ளையுமாக அவள் ஆற்றைக் கடந்தாள். பைக்குள் மாற்றுடுப்பு இரண்டு, தவிட்டு முடிச்சு ஒன்று. கதிர்காமத்தம்பி சூலத்தைப் பிடுங்கிச் சாக்கில் சுற்றித் தோளில் கொண்டுவந்தார்.

முதலில் மட்டக்களப்புப் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள், பிறகு கிளிவெட்டி முகாம். முகாமில் தறப்பாள் போர்த்த கொட்டிலுக்குப் பக்கத்தில் சூலத்தை நட்டு விளக்கு வைத்தார்கள். ஆடி வந்ததும் இராசமலர் முடிச்சோடு போய் நின்றாள்.

"ஏலாது தங்கச்சி" என்றார் கதிர்காமத்தம்பி. "மரத்தடியில வித்தது, மரத்தடியிலதான் வாங்கோணும். ஊருக்குப் போனோடன முதல் வேலை உங்கடதான்."

ஊருக்குப் போக ஒன்பது வருசத்துக்கு மேல் எடுக்கும் என்று அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அந்த மட்டம் பார்க்கிற மனுசன் அன்றைக்கு ஒரு விரல் விட்டுக்கொடுத்திருக்கலாம். விட்டுக்கொடுக்கவில்லை. அவளும் சண்டை பிடித்திருக்கலாம். ஆனால் இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவள், புருசனை வழியில் விட்டுவிட்டு வந்தவள், மிஞ்சினது இந்த ஒன்று. சட்டத்தை மீறி அதையும் இழக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

முகாம் என்றால் சுவருக்குப் பதில் சீலை. ஒரு கொட்டிலில் கதைத்தது மறு கொட்டிலுக்குக் கேட்கும். யுகேந்திரனுக்குப் பத்துப் பதினொரு வயதாகிறபோது, பைப்படியில் வரிசையில் நின்ற பொடியன் ஒருத்தன், "உன்னை உன்ர அம்மா தவிட்டுக்கு வித்தவவாம்" என்று சொல்லிவிட்டான். யுகேந்திரன் அவனுக்குப் பல்லுடைகிற மாதிரி ஒன்று கொடுத்துவிட்டு நேரே தாயிடம் வந்தான்.

"உண்மையோ?"

அவளுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. விற்றது உண்மை. ஏன் விற்றேன் என்று சொல்வதானால் உன்னில் இருந்த ஆசையால் விற்றேன் என்று சொல்ல வேண்டும், நீ என்ர மகன் என்று சொல்ல வேண்டும். அதைத்தான் சொல்லக்கூடாது. "ஓம்" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவன் அவளோடு அளந்துதான் கதைத்தான். மற்றத் தாய்மார் மகன், ராசா என்று பிள்ளைகளைக் கூப்பிடுகிற நேரங்களில் அவன் தலையைக் குனிந்துகொண்டு அப்பால் போவதை அவள் பல தடவை கண்டாள். கண்டும் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அந்த வேதனையை வேறெவருக்கும் விளக்க முடியாது.

ஊருக்குத் திரும்பியபோது வீடு இல்லை, வேலி இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது. வீரை மரம் மட்டும் நின்றது. இராசமலர் ஓடிப் போய் அதைக் கட்டிப்பிடித்து அழுதாள். பாலசிங்கத்துக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. சூலத்தைப் பழைய இடத்தில் நட்டு, கதிர்காமத்தம்பி சுற்றிவரச் சீமெந்துக் கட்டு ஒன்றும் கட்டி முடித்தார். ஆடி மடைக்கு நாள் வைத்தார்கள். பதினாறு வயதுப் பொடியன் வரமாட்டேன் என்றான்.

"நான் என்ன, சந்தையில வித்த கிடாயோ திருப்பி வாங்கிறதுக்கு? வித்தது வித்ததுதான்."

அவள் கெஞ்சினாள், பட்டினி கிடந்தாள், ஏசினாள். அவன் பிடிவாதத்தில் அவளையே உரித்து வைத்திருந்தான். பள்ளிக்கூடம் முடிய முதலே குச்சவெளிக்குப் போய் மீன்பிடி வள்ளத்தில் சேர்ந்துவிட்டான். கிண்ணியாப் பொடியன் றிப்தி அவனுக்குக் கூட்டாளி. இரண்டு பேரும் ஒரே வள்ளத்தில் தொழில். மாதத்துக்கு ஒருக்கால் அரிசி, மீன், சீனி என்று பையை நிரப்பிக்கொண்டு வருவான், படலையில் வைப்பான், ஒரு தேத்தண்ணி குடிப்பான், போவான். இராசமலர் மாட்டில் பால் கறந்து, தயிர் போட்டு மூதூர் ரோட்டில் விற்றுச் சீவித்தாள். ஒவ்வொரு ஆடியும் கதிர்காமத்தம்பி அவளைப் பார்ப்பார். அவள் தலையை ஆட்டுவாள், இல்லை என்று. முடிச்சுக்குள் தவிடு வண்டு தின்று மாவாகிப் போயிருந்தது. வேறு தவிடு போட்டால் அது விலையாகாதென்று அப்படியே வைத்திருந்தாள்.

அவனுக்கு இருபத்திரண்டு ஆனபோது நிலாவெளியில் தேனுகா என்ற பிள்ளையை விரும்பினான். நல்ல பிள்ளை. கதைக்கிறதற்கு முதல் யோசிக்கிற பிள்ளை. கலியாணப் பேச்சு நடந்தது. அந்த ஆனி மாதக் கடைசியில் ஒரு பின்னேரம் இராசமலர் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு நிற்க ஃபோன் அடித்தது.

"ஆடி முதல் வெள்ளிக்கு வாறன்" என்றான் யுகேந்திரன்.

"என்ன விசயம்?"

"என்ன விசயமோ? உங்கட வைரவரிட்ட என்னை வாங்க வேண்டாமோ?"

அவள் வைக்கோல் கட்டின்மேல் குந்திவிட்டாள். மாடு கையிலிருந்த வைக்கோலை இழுத்தது.

"தேனுகாவுக்கு எல்லாம் சொன்னனான்" என்றான். "அவள் சொல்லுறாள், உங்கட அம்மா உங்களை விக்கேல்லை, ஒளிச்சு வைச்சவ எண்டு. எனக்கு இவ்வளவு நாளும் அது விளங்கேல்ல அம்மா."

அவளுக்குக் கண் நிரம்பி மாடு இரண்டாகத் தெரிந்தது.

"ஆனா ஒண்டு. சுளகில மட்டும் குந்தமாட்டன். நான் குந்தினா சுளகு கிழிஞ்சு போம்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். இருபத்திரண்டு வருசத்துப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. வாங்கியாயிற்று என்றே அவளுடைய மனது நினைத்துவிட்டது. முடிச்சும் இருக்கிறது, மரமும் இருக்கிறது, பிள்ளையும் வருகிறேன் என்கிறான், இனி என்ன?

"கடல் எப்பிடி?" என்று கேட்டாள்.

"கச்சான் காத்துக் கொஞ்சம் அடிக்குது. விடியப் போறம்."

"கவனமாப் போட்டு வா, மகன்."

அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"என்ன சொன்னனீங்கள்?"

"ஒண்டுமில்லை. வை."

"அம்மா, இன்னொருக்காச் சொல்லுங்கோ."

"வெள்ளிக்கு வா" என்றாள். "ஆசை தீரச் சொல்லுறன்."

வெள்ளிக்கு அவன் வரவில்லை. அதற்கு முதலே கொண்டுவந்தார்கள். காற்று பிடித்து வள்ளம் புரண்டு, றிப்தியை வேறொரு வள்ளம் தூக்கியது. யுகேந்திரனை அடுத்த நாள்தான் எடுக்க முடிந்தது. றிப்தி பெட்டியோடு கூடவே வந்து, வீட்டுக்குள் வர மனமில்லாமல் வேலியோரம் நிலத்தில் குந்தியிருந்தான். தேனுகா பெட்டியின் கால்மாட்டில் சுருண்டு கிடந்தாள்.

ஊர்ப் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். இராசமலர் அழவில்லை. மகனே என்று ஒரு சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை. "என்ன தாய் இவள்?" என்று யாரோ ஒருத்தி மற்றவளின் காதில் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. அவளுக்கும் கேட்டது. அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது வேறு. ஒரே ஒரு தடவை சொன்னேன், போய்விட்டான். நான்தான் சொல்லிக் கொன்றேன். இதையேதான் அவள் மனது திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது.

கதிர்காமத்தம்பி வந்தார். சாவீட்டுப் படலைக்குள் அவர் கால் வைப்பதில்லை. சைக்கிளைப் பிடித்தபடி தெருவில் நின்றார். இராசமலர் எழும்பி, அலுமாரியைத் திறந்து முடிச்சை எடுத்துக்கொண்டு நேரே படலைக்குப் போனாள். ஒப்பாரி நின்றுவிட்டது.

"அண்ணை, இந்தாங்கோ. இப்ப வாங்கித் தாங்கோ. என்ர பிள்ளையா எடுத்துக்கொண்டு போகட்டும்."

அவர் முடிச்சைத் தொடவில்லை. "உசிரோட குடுத்தது தங்கச்சி. உசிரோடதான் வாங்கேலும்."

"அப்ப இவன் இன்னும் வைரவரின்ர பிள்ளையோ?"

"ஓம்."

"சாகேக்கையும் அவரின்ர பிள்ளைதானோ?"

"ஓம் தங்கச்சி."

"நான் முந்தநாள் போனில மகனெண்டு சொல்லிப்போட்டன். அதுக்குத்தான் எடுத்தவரோ?"

கதிர்காமத்தம்பி சைக்கிள் கைபிடியையே பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்குத் தெரியாது" என்றார். அவர் அப்படிச் சொல்லி ஊர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"தெரியாதெண்டா இதைச் சொல்லுங்கோ. பெத்தனான் எண்டதுக்காக எனக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. விளக்கு வைக்கேலாது, கோயில் வாசலுக்கு வரேலாது. பிள்ளைக்குச் சொந்தக்காரர் அவர். அவருக்குத் துடக்கில்லையோ? தகப்பன் அங்க விளக்கும் மாலையுமா இருக்க, வளத்தவள் மட்டும் இஞ்ச இருட்டுக்குள்ள இருக்கிறதோ?"

எத்தனையோ பேருடைய துடக்கைக் கணக்குப் பார்த்துச் சொன்ன மனுசன் இதையும் மனதுக்குள் மட்டம் வைத்துப் பார்த்திருப்பார் போலும். முகாமில் தறப்பாளுக்கு முன்னால் முடிச்சோடு நின்றவளும் அவர் கண்ணுக்குள் வந்திருப்பாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருக்கு தங்கச்சி" என்றார். "அவருக்கும் துடக்குத்தான்."

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனவர், மரத்தடியில் எரிந்துகொண்டிருந்த விளக்கை அணைத்தார். கொப்பில் தொங்கிய மணியைக் கழற்றினார். சாவீட்டு வேலியில் கட்டுகிற மாதிரி வீரை மரத்தில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டுப் போனார். பெட்டி மூட முதல் இராசமலர் முடிச்சை யுகேந்திரனின் சேட்டுப் பையில் வைத்தாள். வாங்க முடியாத பிள்ளைக்கு விலை எதற்கு?

அந்த வருசம் வீரையடியில் ஆடி மடை நடக்கவில்லை. ஊர் முறுமுறுத்தது. தெய்வத்துக்குத் துடக்காம், எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறோமா, மழை தண்ணி இல்லாமல் போகப் போகிறது என்று கதைத்தார்கள். கதிர்காமத்தம்பி ஒரே பதிலைத்தான் எல்லாருக்கும் சொன்னார்.

"சாவீட்டில மடை வைக்கிறதோ?"

துடக்குக்காரர் கோயிலுக்குப் போகக்கூடாது. துடக்கு வீட்டுக்குப் போகலாம். யாரும் சொல்லிக்கொடுக்காமலே இராசமலருக்கு இது விளங்கியது. எட்டாம் நாள் சடங்கு முடிந்த பிறகு, பின்னேரங்களில் மாட்டைக் கட்டிவிட்டு மரத்தடிக்குப் போய் இருக்கத் தொடங்கினாள். கும்பிடவில்லை. முதல் நாள் அவரைத் திட்டினாள். காவல் காக்கிறாராம் காவல், கடலில் எங்கே போய்ப் படுத்திருந்தவர் என்று வாய்க்கு வந்தபடி கேட்டாள். இரண்டாம் நாள் திட்டுவதற்கும் ஒன்றும் இருக்கவில்லை. விளக்கில்லாமல், பூவில்லாமல், எண்ணெய் காய்ந்து தூசி படிந்த சூலத்தைப் பார்க்க அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. சாவீட்டில் இரண்டு பேர் கதைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது போல இருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. அவன் வருகிறேன் என்ற வெள்ளி. வீரைக் கொப்பில் வெள்ளைத் துணி காற்றுக்கு ஆடியது. இராசமலர் சூலத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"எங்கட மகனுக்கு" என்று தொடங்கினாள். நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள். "எங்கட மகனுக்கு மாங்காய் போட்ட சூடைமீன் குழம்பெண்டா உசிர். உங்களுக்குத் தெரியுமோ?"

இனி அந்தச் சொல்லை எவர் கேட்டாலும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. அவன் முதல் முதல் நடந்தது, கிணற்றடியில் வழுக்கியது, முகாமில் ஒருத்தனின் பல்லை உடைத்தது, சுளகில் குந்தமாட்டேன் என்றது, எல்லாவற்றையும் சொன்னாள். ஒவ்வொன்றையும் எங்கட மகன் என்றுதான் தொடங்கினாள். இருட்டும்வரை சொன்னாள். ஆசை தீரவில்லை.